கூடை கனத்த மாதம்

2024 மே 20, திங்கட்கிழமை. டிக்கோயாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், நான்காம் நம்பர் மலையில், அந்தி நிறுவையில் எல்லோரையும் விட அதிகக் கொழுந்து காட்டியவள் வினோதா. வயது இருபத்தாறு.

அன்று காலையிலிருந்து அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. விடியற்காலையில் தின்ற ரொட்டி தொழிலாளர் லயத்து வடிகானிலும், பத்து மணிக்குக் கடித்த பிஸ்கட் தேயிலைச் செடியின் தூரிலும் போயிருந்தன. மலையேறும்போது மூச்சு வாங்கியது. நின்ற இடத்திலேயே தூக்கம் கண்ணைச் சுற்றியது. அப்படிப்பட்டவளின் கூடையைத்தான் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் மாட்டியதும் முள் மளமளவென்று ஏறிப் போனது.

கணக்கப்பிள்ளை கஜேந்திரன் கூடையை இறக்கி மறுபடியும் மாட்டினார்.

"யாராச்சும் கூடைக்கு அடியில தொங்குறீங்களா?"

"தொங்குறதுன்னா எங்க கூடையிலதான ஐயா தொங்குவோம்" என்றாள் நாகலெட்சுமி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வினோதாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடுமோ என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

அவள் கர்ப்பமாக இருப்பது அவளுக்கும் கணவன் நிரஞ்சனுக்கும் மட்டுமே தெரியும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். முந்தின வருடமும் ஒரு கரு தங்கியது. நாள் தள்ளிப் போன மறு வாரமே சந்தோசத்தில் லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். சீனி கொடுத்தாள். இரண்டாம் மாதம் முடிவதற்குள் அது கலைந்துபோனது. அதை விடவும் பின்னால் வந்த நாட்கள்தான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தன. ஒவ்வொருத்தியாக வந்து வாசலில் உட்கார்ந்து, "அடுத்த வருசம் பாத்துக்கலாம் புள்ள" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அவளுக்கோ கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆகவே இந்த முறை, குழந்தையின் இதயத் துடிப்பை ஸ்கேனில் கண்ணால் பார்க்கும் வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

மே நடுவில் ஒருமுறை ஹட்டனுக்குப் போய் டாக்டர் லோஜனாவிடம் காட்டினார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், புதன்கிழமைகளில் மட்டும் அங்கே ஸ்கேன் பார்க்க வருவார். திரையில் கறுப்பாக ஒரு சின்ன வட்டம் தெரிந்தது.

"இப்ப வீடு மட்டும்தான் கட்டியிருக்கு. உள்ளுக்கு இருக்கிற ஆளைப் பாக்க இன்னும் கொஞ்சம் பொறுக்கோணும்" என்றார் டாக்டர். "ஜூன் அஞ்சாந் திகதி வாங்கோ. அப்ப துடிப்பு வடிவாத் தெரியும்."

"தெரியாட்டி?" என்றாள் வினோதா.

"வந்தாப் பிறகு கதைப்பம். சத்தி வருதோ?"

"வாந்தி வருதுங்க. தேத்தண்ணி வாடையே ஆகல."

"தேயிலைத் தோட்டத்தில இருந்துகொண்டு தேத்தண்ணி ஆகேல்லையோ? சரிதான்." டாக்டர் சிரித்தார். "ஹோமோன் கூடுறதாலதான் அது. இரத்தமும் கூடத் தொடங்குது, அதுதான் களைப்பு. வெறும் வயித்தோட இருக்காதேங்கோ. கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடுங்கோ. பாரம் தூக்கிறதைக் குறையுங்கோ."

கடைசி வாக்கியத்தைப் பற்றி இருவரும் பேருந்தில் வரும்போது பேசினார்கள். கர்ப்பிணி என்று தோட்டத்தில் சொன்னால் கூடையை இறக்கிவிட்டு நாற்று வளர்க்கும் தவறணைக்கு அனுப்புவார்கள். அங்கே நிழலில் உட்கார்ந்து நாற்றுப் பைகளில் மண் நிரப்புவதுதான் வேலை. ஆனால் தவறணைக்குப் போகிற பெண்ணைப் பார்த்தாலே லயம் முழுவதற்கும் விசயம் தெரிந்துவிடும். கூடையில் பாதி நிறைந்ததுமே நிறுவைக்குக் கொண்டுபோவது, நிறை குறைந்து அரைநாள் சம்பளமான அரைப்பேர் விழுந்தாலும் விழட்டும் என்று இருப்பது என்று தீர்மானமாயிற்று.

அரைப்பேர் விழவில்லை. அதுதான் வேடிக்கை.

நிரஞ்சன் ஹட்டனில் டயர் கடை ஒன்றில் வேலை செய்தான். போகவர பேருந்தில் கைபேசியில் கரு வளர்ச்சி பற்றிய காணொளிகளைப் பார்ப்பது அவனுடைய புதுப் பழக்கம். மாலையில் லயத்து அறையான காம்பராவுக்குள் நுழைந்ததும் செய்தி வாசிப்பான்.

"வினோ, இந்தக் கெழம நம்ம புள்ள மைசூர்ப் பருப்பு சைசு."

"மெதுவாப் பேசுங்க. பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டுறப் போகுது."

"கேட்டா என்னா, பருப்பு வாங்குறத பேசுறோம்னு நெனப்பாங்க. கையும் காலும் அரும்பு விட்டுருக்காம். அப்புறம் இன்னொண்ணு. சொன்னா கோவிச்சுக்காத. வால் இருக்காம்."

"வாலா?"

"குட்டியா. பொறகு தானா மறஞ்சிருமாம்."

"ஒங்க குடும்பத்துப் புள்ளதான? இருக்கும்" என்றாள் வினோதா.

அடுத்த வாரம் பிள்ளை போஞ்சிக் கொட்டை அளவுக்கு வந்தது. மூக்குத் துவாரம் வந்தது, முழங்கை வளைந்தது. வினோதா உட்கார்ந்து கேட்டுக்கொண்டே மரத்தக்காளியை உப்பில் தொட்டுத் தின்பாள். சந்தையில் அவன் வாங்கி வந்த அந்தப் புளிப்புப் பழம் ஒன்றுதான் வயிற்றோடு சண்டை போடாமல் இருந்தது. "எல்லாத்தையும் சாப்பாட்டுச் சாமானாவே சொல்றீங்களே, இது மனுசப் புள்ளையா, மளிகைக் கடையா?" என்று ஒருநாள் கேட்டாள். அவனுடைய தலையெண்ணெய் வாடை தாங்காமல் அவனைக் கட்டிலின் மறுகோடிக்கு அனுப்பியிருந்தாள். அவன் அங்கிருந்தே வாசித்தான்.

மலையில் நடந்தது வேறு கதை.

அவளுக்குப் பக்கத்துத் தேயிலை நெரையில் கொழுந்து எடுப்பவள் ராக்காயி. மூன்று பிள்ளைகள் பெற்றவள். மே மாதத்தின் இரண்டாம் வாரத்திலேயே அவள் ஒன்றைக் கவனித்தாள். தேயிலைச் செடி கீறாமலிருக்க இடுப்பில் சுற்றும் படங்கை வினோதா கயிற்றால் இறுக்கிக் கட்டுபவள். இப்போது கயிற்றைத் தளர்த்தி இடுப்புக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறாள். மேல் நெரையிலிருந்த நாகலெட்சுமி கண்டது வேறொன்று: பத்து மணி இடைவேளையில் வாங்கும் தேத்தண்ணியை வினோதா குடிப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தூரில் ஊற்றுகிறாள். கங்காணி சின்னராசா, அவள் சிறுநீர் கழிக்கக் கானுக்கு அடிக்கடி இறங்கிப் போவதையும், ஏறி வரும்போது நெஞ்சில் கை வைத்து நிற்பதையும் பார்த்தார். குடைக் கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றார்.

யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த லயங்களில் அது வழக்கம். தாய் தன் வாயால் சொல்லாத பிள்ளையை வேறொருத்தி வாயில் எடுத்தால் அது தங்காது என்பார்கள். கேட்கவும் கூடாது, பேசவும் கூடாது. ஆகவே ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள். வினோதா கானுக்குப் போகும்போது கூடையை இறக்கிப் பாதையோரம் வைத்துவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் ராக்காயி தன் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி அதில் போடுவாள். சிறிது நேரம் கழித்து நாகலெட்சுமியும் போடுவாள். அவளுக்கு மேலே இருப்பவளும் போடுவாள். பாவம், இவள் நிறுவையில் குறைந்துவிடக் கூடாதே என்ற ஒரே எண்ணம்.

வினோதா திரும்பி வந்து கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டும்போது கழுத்து நெளியும். எனக்கு எவ்வளவு பலம் குறைந்துவிட்டது, போகும்போது இருந்த கூடை வரும்போது இவ்வளவு கனக்கிறதே என்று நினைத்துக்கொள்வாள். உடம்பில் அத்தனை மாற்றங்கள் நடக்கும்போது அதுவும் ஒன்று என்று அவளுக்குப் பட்டது. கைகள் தூக்கத்திலும் கொழுந்து எடுக்கின்றன போலும். நெரையும் நல்ல நெரை. நிறுவை கூடியதற்கு அதுதான் காரணம்.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காலையில் ஆட்களைக் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கஜேந்திரன் அவள் பெயரைக் கூப்பிட்டார்.

"வினோதா, இந்த மாசம் பிரிவுலயே நீதான் கூட. தொரைக்கு ரொம்பச் சந்தோசம். தலவாக்கலைப் பக்கம் கம்பனித் தோட்டம் எல்லாம் சேந்து கொழுந்தெடுக்குற போட்டி வைக்கிறாங்க. நம்ம பிரிவுக்கு ஒன் பேரக் குடுத்தாச்சு."

"எப்பங்க ஐயா?"

"வர்ற புதன். அஞ்சாந் தேதி."

அது டாக்டர் வரச் சொன்ன நாள்.

ராக்காயி தலையைக் குனிந்துகொண்டாள். நாகலெட்சுமி வானத்தைப் பார்த்தாள். கங்காணி சின்னராசாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்கு வியர்த்தது. தான் போட்ட கொழுந்தால்தான் இப்படி ஆனது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நினைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை நிரஞ்சன் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நீ எப்படி வினோ மொத ஆளா வந்த?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் பாதி நேரம் கான்லதான் கெடக்குறேன்."

"போட்டிக்குப் போகலன்னு சொல்லிரு."

"ஏன்னு கேட்டா என்னா சொல்ல? நல்லாத்தான இருக்க, நேத்தும் நீதான கூடன்னு கேப்பாங்க. புதன விட்டா டாக்டர் அடுத்த கெழமதான் வருவாங்க." அவள் குரல் இறங்கியது. "அடுத்த கெழம வரைக்கும் என்னால பொறுக்க முடியாது. உள்ள என்னா நடக்குதுன்னு தெரியாம ஒவ்வொரு நாளும் செத்துப் பொழைக்கிறேன்."

திங்கட்கிழமை மலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. மழை என்றால் அட்டை. பதினொரு மணிபோல வினோதா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கானை நோக்கிப் போனாள். பாதி வழியில் கெண்டைக்காலில் ஓர் அட்டை ஏறுவதைக் கண்டு, கூடையில் முடிந்து வைத்திருந்த உப்பை எடுக்கத் திரும்பி வந்தாள். செடிகளுக்கு மேலே தலை தெரிந்தபோது நின்றுவிட்டாள்.

ராக்காயி இரண்டு பக்கமும் பார்த்தாள், கொழுந்து திருடுகிறவள் போல. பிறகு தன் கூடையிலிருந்து கொழுந்தை அள்ளி வினோதாவின் கூடையில் போட்டு, மேலே தட்டிச் சமப்படுத்திவிட்டு நகர்ந்தாள்.

வினோதா மெதுவாகக் குத்துக்காலிட்டுச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அட்டை அதன் வேலையைப் பார்த்தது.

அடுத்ததாக நாகலெட்சுமி மேல் நெரையிலிருந்து சறுக்கி இறங்கினாள். படங்கின் மடிப்பில் கொழுந்து ஒளித்து வைத்திருந்தாள். அதைக் கொட்டிவிட்டு ஏறிப் போனாள். பிறகு கங்காணி வந்தார். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நெரை பார்க்கிறவர்போல நடந்து வந்து, கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடிக் கொழுந்தை எடுத்தார்.

வினோதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"என்னா மாமா செய்றீங்க?"

கங்காணியின் கை கூடைக்கு மேலேயே நின்றது. "கொழுந்து பாக்குறேன். முத்தல் கெடக்கான்னு."

"பாக்குறதுக்கு வீட்ல இருந்தா கொழுந்து கொண்டு வருவீங்க?"

சிரிப்புச் சத்தம் கேட்டு ராக்காயியும் நாகலெட்சுமியும் திரும்பி வந்தார்கள். கங்காணியின் கையில் இருந்ததைப் பார்த்ததும் இருவருக்கும் விளங்கியது.

"கங்காணி மாமா, நீங்களுமா?" என்றாள் நாகலெட்சுமி.

"நீங்களும்னா? அப்ப நீ?" என்று ராக்காயி பிடித்துக்கொண்டாள்.

"நான் ஏதோ ஒரு கை... நீ போட்டியாக்கா?"

"போட்டேன்டி! அதான பாத்தேன். நான் ரெண்டு கை போட்டா இவ கூடை பொங்கி வழியுதே, இவ என்னா கையால எடுக்குறாளா மெசினால எடுக்குறாளான்னு! என் நிறுவ கொறஞ்சதுதான் மிச்சம். ஒங்க எல்லாராலயும்தான் இந்தப் புள்ள இப்பப் போட்டியில போய் நிக்குது."

"நீ போட்டது மட்டும் பூவாக்கா? அதுவும் கொழுந்துதான?"

மேலே இருந்த இரண்டு பேர் தாங்களும் போட்டதைத் தாங்களாகவே ஒத்துக்கொண்டார்கள். கேட்கக் கேட்க, அந்த மலையில் அவள் கூடையில் கொழுந்து போடாத ஆளே இல்லை என்று தெரியவந்தது. வினோதா சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் ஒங்கக்கிட்டச் சொல்லாம..."

"ஷ்!" என்று ராக்காயி கையை உயர்த்தினாள். "நீ ஒண்ணும் சொல்லல. நாங்க ஒண்ணும் கேக்கல. புதன்கெழம போட்டிக்கு யாரு போறது, அத மட்டும் பேசு."

"எனக்கு அன்னைக்கி ஹட்டன்ல ஒரு சோலி இருக்குக்கா."

"இருக்கட்டும். என்னா சோலின்னு யாரு கேட்டா? நான் போறேன். அந்தக் கூடையில பாதி என் கொழுந்துதான?"

"கால்வாசி" என்றாள் நாகலெட்சுமி.

கணக்கப்பிள்ளையிடம் என்ன காரணம் சொல்வது என்பது கங்காணியின் பொறுப்பானது. வினோதாவின் காலில் ரத்தம் வழிவதை அப்போதுதான் பார்த்தார். காரணம் கிடைத்துவிட்டது. பகல் நிறுவையில் கஜேந்திரனிடம் போய் நின்றார்.

"ஐயா, வினோதாவுக்கு அட்டை கடிச்சிருச்சுங்க. புதன்கெழம போட்டிக்குப் போக முடியாது. ராக்காயிய அனுப்பலாங்க."

கஜேந்திரன் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "கங்காணி, இந்தத் தோட்டத்துல அட்டை கடிச்சு வீட்ல நின்ன ஆளு இருக்கா?"

"இது கொஞ்சம் பெரிய அட்டைங்க."

கஜேந்திரன் தூரத்தில் நின்ற வினோதாவைப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே தளர்வாகத் தொங்கிய படங்குக் கயிற்றையும் பார்த்தார்.

"சரி. என் வீட்லயும் போன வருசம் அப்படித்தான் ஒரு அட்டை கடிச்சிச்சு" என்றார். "இப்பத் தவழுது."

செவ்வாய்க்கிழமை காலை வினோதா எழுந்தபோது வாந்தி வரவில்லை. பக்கத்துக் காம்பராவில் யாரோ தேத்தண்ணி ஊற்றினார்கள். அந்த வாடை வந்தது, ஆனால் வயிறு அசையவில்லை. அவள் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். போன வருடமும் இப்படித்தான். ஒரு நாள் குமட்டல் நின்றது, உடம்பு லேசானது, நன்றாகிவிட்டது என்று நினைத்தாள். மறுநாள் எல்லாம் முடிந்திருந்தது.

"வீடியோவுல சொன்னாங்க, சில நாள் இருக்காதாம்" என்றான் நிரஞ்சன். அவன் முகமும் சரியாக இல்லை. அன்று டயர் கடையிலிருந்து இரண்டு முறை அழைத்தான். வந்ததா என்று கேட்டான். இல்லை என்றாள். மாலையில் அவன் செய்தி வாசிக்கவில்லை. இந்த வாரத்துக்குத் தேயிலைக் கொட்டை அளவு என்று மனதுக்குள் வைத்திருந்தான். அதைச் சொல்லாமலே படுத்துக்கொண்டான்.

புதன்கிழமை காலை ஹட்டன் பேருந்தில் யன்னலோரம் இடம் கிடைத்தது. முன் இருக்கையில் ஒருவர் பிளாஸ்டிக் போத்தலில் இருந்து தேத்தண்ணியை ஊற்றிக் குடித்தார். பேருந்து டிக்கோயாவைத் தாண்டும்போது வினோதா யன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். தாராளமாக வாந்தி எடுத்தாள்.

"எடுத்துட்டா!" என்றான் நிரஞ்சன். முழுப் பேருந்தும் திரும்பிப் பார்த்தது. அவன் சிரித்துக்கொண்டே அவள் முதுகைத் தடவினான். நடத்துனர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

டாக்டர் லோஜனா திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். வினோதா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் கையைப் பிடித்திருந்த நிரஞ்சனின் விரல்கள் ஈரமாக இருந்தன.

"இஞ்ச பாருங்கோ பிள்ளை" என்று டாக்டர் திரையைத் திருப்பினார்.

முன்பு வெறுமையாக இருந்த கறுப்பு வட்டத்துக்குள் இப்போது வெள்ளையாக ஒன்று கிடந்தது. பெரிய தலை, மடங்கிய உடம்பு. நடுவில் ஒரு புள்ளி அவசர அவசரமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"அதுதான் துடிப்பு. நல்ல வேகம். உங்கட நெஞ்சு அடிக்கிறதிலும் பாக்க ரெண்டு மடங்கு. அந்த ரெண்டும் கை. பாத்துக்கொண்டிருங்கோ, அசைக்கும்."

அசைத்தது. வினோதா திரைப் பக்கம் கழுத்தை நீட்டினாள்.

"டாக்டர், வால் போயிருச்சுங்களா?"

டாக்டர் நிரஞ்சனைப் பார்த்தார். நிரஞ்சன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளினான்.

"போயிட்டுது" என்றார் டாக்டர்.

அன்று மாலை வினோதா ஒரு கிலோ சீனியோடு லயத்துக்கு வந்தாள். ராக்காயி போட்டியிலிருந்து அப்போதுதான் திரும்பி, நனைந்த படங்கை வாசலில் உதறிக்கொண்டிருந்தாள். வினோதா அவள் வாயில் சீனியைப் போட்டுவிட்டு, "அக்கா, நான் முழுகாம இருக்கேன்" என்றாள்.

"அடி ஆத்தே!" என்று ராக்காயி நெஞ்சில் கை வைத்து அலறினாள். "எங்களுக்கு ஒரு வார்த்த கூடத் தெரியாதே! ஏய் நாகலெட்சுமி, இங்க வந்து கேளு!"

நாகலெட்சுமியும் ஓடி வந்து அதே மாதிரி ஆச்சரியப்பட்டாள். கங்காணி கொஞ்சம் தாமதமாக வந்ததால் அவருடைய ஆச்சரியம் அவ்வளவு எடுபடவில்லை.

போட்டியில் ராக்காயிக்கு நான்காம் இடம் கிடைத்தது. பரிசு மூன்று பேருக்கு மட்டும்தான். வினோதா மறுநாளிலிருந்து தவறணையில் வேலை செய்தாள். நான்காம் நம்பர் மலையில் மற்றவர்களின் நிறுவை பழைய அளவுக்குத் திரும்பியது. 2025 ஜனவரி 6, திங்கட்கிழமை காலை, அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நிறை இரண்டு கிலோ தொள்ளாயிரம்.